ட்ரென்ட் ஆற்றின் இழுப்புக்கு எந்தத் தூண்டில் கோல்?

கேள்வி: வேலைக்காக நாட்டிங்ஹாம் வந்து நான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு மேலே ட்ரென்ட் ஆற்றில் 11 அடி, ஒன்றரை பவுண்டு டெஸ்ட் கர்வ் (கோலின் விறைப்பைச் சொல்லும் எண்) உள்ள ஏவான் வகைக் கோலில் பார்பெல் மீன் பிடித்துப் பழகியிருக்கிறேன். போன செப்டம்பரில் ஒரு நண்பர் க்ராம்வெல் லாக் என்ற படகு மதகுக்குக் கீழே, கடல் ஏற்றம் எட்டும் டைடல் பகுதிக்கு அழைத்துப் போனார். 2 அவுன்ஸ் ஃபீடர் (தீவனம் அடைக்கும் ஈயக் கூடு) அடியில் நிற்கவே இல்லை. உருண்டு உருண்டு கரைக் கல்லில் சிக்கியது. நண்பரிடம் 4 அவுன்ஸ் வாங்கி மாட்டினேன், எறியும்போது கோல் முறிந்துவிடும் போல இருந்தது. கடையில் 3 பவுண்டு கார்ப் கோல் எடுக்கச் சொல்கிறார்கள். நண்பர் 1.75 போதும் என்கிறார். வீட்டில் ஒரு கோலுக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. எதை வாங்குவது?

பதில்:

முறிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் பயந்தது சரி. அந்தப் பயத்தில் இன்னும் நான்கு தடவை எறிந்திருந்தால் முறிந்திருக்கவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, மீன் எவ்வளவு பெரிசு என்று எங்கேயும் எழுதாததுதான். தூண்டில் சாமான் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற வருடங்களில் பெரும்பாலோர் என்னிடம் கேட்டது, 'பெரிய பார்பெலுக்கு ஒரு கோல் கொடுங்கள்.' 10 பவுண்டு பார்பெலை, அதாவது நாலரைக் கிலோ மீனை, உங்கள் ஒன்றரை பவுண்டு கோலிலேயே கரைக்குக் கொண்டுவரலாம். கை வலிக்கும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். டைடல் பகுதியில் கோலைத் திணறடிப்பது ஆறுதான். அந்த ஆற்றில் இரையை ஓரிடத்தில் நிறுத்த எவ்வளவு ஈயம் வேண்டுமோ, அந்த ஈயத்தைத் தூக்கி எறியத் தெரிந்த கோல்தான் உங்களுக்கு வேண்டும். மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு மேலே நீங்கள் பார்த்த ட்ரென்டும் க்ராம்வெல்லுக்குக் கீழே ஓடும் ட்ரென்டும் பெயரில்தான் ஒன்று. நியூவார்க்குக்கு வடக்கே இருக்கும் க்ராம்வெல் அணைதான் கடல் ஏற்றத்தின் எல்லை. அதற்குக் கீழே காலிங்ஹாம், டன்ஹம், டோர்க்ஸி, கெய்ன்ஸ்பரோ என்று ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடி, ட்ரென்ட் ஃபால்ஸில் ஊஸ் ஆற்றோடு சேர்ந்து ஹம்பர் கழிமுகம் ஆகிறது. இந்த நீளத்தில் குறுக்கே வேறு அணையே கிடையாது. மேலே அணைகளுக்கு நடுவில் தேங்கித் தேங்கி வந்த தண்ணீர், இங்கே பிடியை விட்ட மாடு மாதிரி ஓடுகிறது.

அதோடு ஏற்றமும் வற்றமும். கழிமுகத்தில் இருக்கும் ஹல் துறைமுகத்து ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு அதே நேரத்துக்கு டன்ஹமில் போய் உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள். கடலேற்றம் இவ்வளவு மேலே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வரும்போது முதலில் ஓட்டம் தளரும். தண்ணீர் மட்டம் கரைக்கல் ஒவ்வொன்றாக ஏறும். காலையில் கீழே போன அதே மரக்கிளை, அதே பிளாஸ்டிக் பாட்டில், திரும்பி உங்களைப் பார்க்க வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு கொஞ்ச நேரம் மேல்நோக்கியே ஓடுவதும் உண்டு. (சம இரவு நாட்களை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் கெய்ன்ஸ்பரோ பக்கம் ஈகர் என்ற அலை ஆற்றில் ஏறி வரும். ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய காட்சி. கரையோரம் தூண்டில் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டாம்.) பிறகு ஒரு சிறிய அமைதி. அதன் பிறகு வற்றம் தொடங்கும். தேங்கி நின்ற தண்ணீரும் மேலிருந்து வரும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும், வற்றம் நீண்ட நேரம் ஓடும். நீங்கள் அன்றைக்குப் போய் உட்கார்ந்தது இந்த வற்றத்தில்தான் என்று தோன்றுகிறது.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தூண்டில் நரம்பையும் ஃபீடரையும் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேலே 2 அவுன்ஸ் நின்றது என்பதால் இங்கே 3 போதும் என்று கணக்குப் போட முடியாததற்கு இதுதான் காரணம். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது 3 அவுன்ஸ் நிற்கும். சாதாரண வற்றத்தில் 4, 5. மழைத் தண்ணீர் கூடினால் 6. அவுன்ஸுக்கு 28 கிராம், ஆக 4 அவுன்ஸ் என்பது 113 கிராம், 6 என்பது 170. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஃபீடரில் எழுதியிருப்பது ஈயத்தின் எடை மட்டும். அதில் நனைத்த தீவனத்தை அடைத்தால் மேலும் ஐம்பது கிராமாவது சேரும். உங்கள் நண்பரின் 4 அவுன்ஸ் ஃபீடர் அன்றைக்கு உங்கள் கையில் கிட்டத்தட்ட 6 அவுன்ஸாக இருந்திருக்கும். பாவம் அந்த ஏவான் கோல்.

சரி, டெஸ்ட் கர்வுக்கு வருவோம். கோலின் நுனி அடிப்பிடிக்குச் செங்குத்தாக வளைய எவ்வளவு எடை தேவை என்பதே அந்த எண். உங்கள் கோலுக்கு 680 கிராம். இரண்டே கால் பவுண்டு கோலுக்கு ஒரு கிலோ, அதாவது சமையலறையில் இருக்கும் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று. 3 பவுண்டு கார்ப் கோலுக்கு ஒரு கிலோ 360. ஒரு பழைய கணக்கு உண்டு: எத்தனை பவுண்டு டெஸ்ட் கர்வோ அத்தனை அவுன்ஸ் ஈயத்தை அது முழு வீச்சில் எறியும், அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் அதற்குப் பொருத்தமான நரம்பின் பவுண்டு வரும். அந்தக் கணக்குப்படி 4 அவுன்ஸுக்கு 4 பவுண்டு கோல் வேண்டும். அது கடற்கரையில் நின்று எறிகிற கோல் ஆகிவிடும்.

ஆனால் ட்ரென்டில் யாரும் முழு வீச்சில் எறிய வேண்டியதில்லை. மீன் பெரும்பாலும் இருபது, முப்பது மீட்டருக்குள்தான் இருக்கும். கோலைச் சொடுக்காமல், ஊஞ்சல் மாதிரி பின்னால் கொண்டுபோய், ஈயத்தின் எடை நுனியில் முழுசாக உட்கார்ந்த பிறகு மெதுவாக முன்னால் தள்ளினால், கணக்கு சொல்வதைப் போல் இரண்டு மடங்கு எடையை நல்ல கோல் தாங்கும். அதனால் என் பதில் இரண்டே கால் பவுண்டு. இரண்டு கிடைத்தாலும் சரி, இரண்டரை கிடைத்தாலும் சரி. வெளிப்பக்கத்தில் 'எறியும் எடை' என்று அச்சிட்டிருந்தால் அது 170 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். டெஸ்ட் கர்வ் எண்ணைக் கம்பெனிகள் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஒரு கம்பெனியின் 2, இன்னொன்றின் இரண்டரையை விட முரடாக இருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் சொன்ன 3 பவுண்டு கார்ப் கோல் பற்றி. அவர் உங்களை ஏமாற்றவில்லை. அது 6 அவுன்ஸைச் சிரித்துக்கொண்டே எறியும். ஆனால் அது ஏரியில் நூறு மீட்டர் தூரம் எறிவதற்காகச் செய்தது. நுனி மட்டும் வளையும், நடுப்பகுதி இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். பார்பெல் கடைசி நேரத்து மீன். களைத்துவிட்டது என்று நினைத்து வலையை நீட்டும்போதுதான் ஓட்டத்துக்குள் தலையைத் திருப்பி இன்னொரு தடவை பாயும். அந்தப் பாய்ச்சலை வாங்கிக்கொள்ளக் கோல் அடிவரை வளைய வேண்டும். வளையாவிட்டால் 10ஆம் நம்பர் முள் உதட்டிலிருந்து கழன்றுவிடும். கார்ப் கோலோடு வந்து 'மூன்று மீனையும் கரைக்குப் பக்கத்தில் தவறவிட்டேன்' என்றவர்கள் பலரைப் பார்த்தாயிற்று. ஜனவரி வெள்ளத்தில் 8 அவுன்ஸ் மாட்டி உட்காருகிறவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நண்பர் சொல்லும் 1.75க்கும் காரணம் இருக்கும். அவர் அந்தக் கரையில் பல வருடம் உட்கார்ந்தவர் என்றால் ஓட்டம் தளரும் இடங்கள் அவருக்குத் தெரியும். கரையிலிருந்து எட்டு மீட்டரில், கற்குவியலுக்குக் கீழே, 2 அவுன்ஸ் நிற்கும் இடத்தில் அவர் போடுவார். நீங்கள் ஆற்று நடுவில் போடுவீர்கள். அவர் சொன்னதைக் கேட்பதைவிட, அடுத்த தடவை அவர் எங்கே எறிகிறார் என்று பாருங்கள்.

நீளம். 12 அல்லது 13 அடி, 11 வேண்டாம். கோலை ஸ்டாண்டில் செங்குத்தாக, நுனி வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் தண்ணீருக்குள் இருக்கும் நரம்பின் நீளம் குறையும். ஆறு பிடித்து இழுப்பது ஈயத்தைவிட நரம்பைத்தான் அதிகம். ஒரு அடி கூடுதல் உயரம் ஒரு அவுன்ஸ் ஈயத்தை மிச்சப்படுத்தும் என்று நான் சொல்வதுண்டு. இது அளந்து சொன்னதல்ல, என் அனுபவம். டைடல் கரையின் ஓரம் முழுக்கக் கல் கொட்டியிருப்பார்கள். அதற்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும் நீளம் உதவும். அப்படியானால் 13தானே என்று கேட்பீர்கள். கூட ஒருவர் வலை பிடிக்க இருந்தால் 13. செங்குத்தான, வழுக்கும் கரையில் தனியாக உட்காருகிறவருக்கு நான் 12 தான் கொடுப்பேன். கோல் நீள நீள, மீன் வலையிலிருந்து தள்ளித் தள்ளிப் போகும். எந்தக் கோல் வாங்கினாலும் வலையின் கைப்பிடி நீளமாக இருக்கட்டும்.

எறிவதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, அதுவே அரைக் கோலுக்குச் சமம். நேராக எதிரே எறியாமல் கொஞ்சம் மேல்பக்கமாக எறியுங்கள். ஈயம் அடியில் உட்கார்ந்ததும் நரம்பை முறுக்கி இறுக்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் விட்டுக்கொடுங்கள். அது ஓட்டத்தில் வில் மாதிரி வளைந்து நிற்கும். இறுக்கினால் ஆறு ஈயத்தைத் தூக்கும், வில்லாக விட்டால் ஈயம் நிற்கும். மீன் இரையை எடுத்தால் ஈயம் இடம் பெயர்ந்து, வளைந்திருந்த நுனி சட்டென்று நிமிரும். நுனி நிமிர்ந்தால் கோலை எடுங்கள். இலை, குப்பை மாட்டியிருந்தால் நுனி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகும். இந்த வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்கு நுனி மெலிசாக இருக்க வேண்டும் என்பது கார்ப் கோல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்.

கடையில் என்ன பார்ப்பது? விலையை முதலில் பார்க்காதீர்கள். கோலைப் பொருத்தி, ஒருவரை நுனியைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாகத் தூக்குங்கள். முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் அடி என்று வளைவு இறங்கி வர வேண்டும். எங்கேயாவது முழங்கை மாதிரி மடங்கினால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் 'டக்' என்று சத்தம் வரக்கூடாது. பழைய கோல் என்றால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு மாட்டிக்கொண்டால் உள்ளே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் உங்கள் நரம்பை ஒரே மாலையில் அறுத்துவிடும். கைப்பிடி கார்க்கா, ஸ்பாஞ்சா என்பதெல்லாம் அழகு விஷயம். இரட்டை நுனியோடு வரும் கோல் ஒன்று கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. என் அனுபவத்தில் வாங்கியவர்களில் பலர் இரண்டாவது நுனியைப் பையிலிருந்து எடுத்ததே இல்லை.

கோலோடு சேர்ந்த மற்றவை. ஐந்தால் பெருக்கும் கணக்கு இங்கே சரியாக வரும்: இரண்டே கால் கோலுக்கு 12 பவுண்டு நைலான் நரம்பு. பின்னல் நரம்பு மெலிசு, ஓட்டத்தில் நன்றாக நிற்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கரைக்கல்லில் உரசினால் நைலான் தாங்கும் அளவு அது தாங்காது. முள் கட்டும் நரம்பு 10 பவுண்டு, பிரதான நரம்பைவிடக் குறைவாகவே இருக்கட்டும்; அறுந்தால் அங்கேதான் அறுபட வேண்டும். ஃபீடர் நரம்பில் தாராளமாக ஓடும்படி கட்டுங்கள். 5 அவுன்ஸ் ஈயத்தை மீன் வாயில் கட்டி ஆற்றில் விடுகிற பாவம் நமக்கு வேண்டாம்.

ரீல் விஷயத்தில் மட்டும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் டன்ஹம் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ரீலின் பிரேக்கை இறுக்கி வைத்துவிட்டு பிளாஸ்கில் டீ ஊற்றத் திரும்பினேன். மூடியைத் திறந்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது ஸ்டாண்ட் இருந்தது, கோல் இல்லை. பார்பெல் கடிக்கும்போது யோசிப்பதில்லை. எடுத்த வேகத்தில் ஓடும். அன்றைக்கு ஒரு கோல், ஒரு ரீல், டீ குடிக்கும் ஆசை எல்லாம் போயின. போன சாமானைவிட, அந்த மீன் ஒரு கோலை இழுத்துக்கொண்டு அலைந்ததே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பின்பக்கத்துச் சிறு நெம்புகோலைத் தட்டினால் நரம்பு தானாக ஓடும் வகை ரீல் வாங்குங்கள். வெறும் பிரேக் ரீல் என்றால், கோல் ஸ்டாண்டில் இருக்கும்வரை அது தளர்ந்தே இருக்கட்டும். ஸ்டாண்டைக் கல்லுக்கு நடுவில் ஆழமாக அடியுங்கள்.

பார்பெல் கெண்டைக் குடும்பத்து மீன். வாயோரம் நான்கு மீசை, அதனால்தான் அந்தப் பெயர். கெண்டை என்பதால் எதையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முழுப் பலத்தையும் சண்டையில் செலவழித்துவிடும். முள்ளைக் கழற்றியதும் போட்டோவுக்கு ஓடாமல், வலைக்குள்ளேயே தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக நிமிர்ந்து நின்று கையைத் தட்டிவிட்டுப் போகும்வரை காத்திருங்கள். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது பத்து நிமிடம்கூட ஆகலாம். சரியான கோல் சண்டையின் நேரத்தைக் குறைக்கும் என்பது மீனுக்கும் லாபம்.

உரிமச் சீட்டு உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். அதோடு அந்தக் கரையின் மீன்பிடி உரிமை யாருடையதோ அவர்களிடம் நாள் சீட்டோ சங்க அட்டையோ தனியாக வாங்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறு மூடியிருக்கும். ஜூன் 16 அன்று கரையில் இடம் கிடைக்காது. ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று, கோலைவிட இது முக்கியம். க்ராம்வெல் அணைக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1975 செப்டம்பரில் இரவுப் பயிற்சிக்குப் படகில் வந்த ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு ஒன்றின் 10 வீரர்கள் அந்த அணையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள். அந்தக் கரையில் வண்டல் சோப்பு மாதிரி வழுக்கும், நீங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் காலுக்குக் கீழே ஏறியிருக்கும். உயிர்காப்புச் சட்டை போடுங்கள். வலையைப் பிடிக்க எந்தக் கல்லில் இறங்குவது, அந்தக் கல் ஏற்றத்தில் முழுகுமா என்பதை வற்றம் முடிந்து தண்ணீர் குறைவாக இருக்கும்போதே போய்ப் பார்த்து வையுங்கள். இரவில் தனியாக முதல் தடவை போக வேண்டாம்.

உங்கள் ஏவான் கோலை விற்றுவிடாதீர்கள். ஆகஸ்டில் மழை இல்லாமல் ஆறு இளைத்துக் கிடக்கும்போது, ஏற்றம் வந்து நிற்கும் அந்த அரை மணி நேரத்துக்கு, கரையோரத்தில் ஒரு துண்டு டின் இறைச்சியைப் போட அதைவிட நல்ல கோல் கிடையாது. வீட்டில் கேட்டால், புதுசு ஒன்றுதான், இது பழசு என்று சொல்லிக்கொள்ளலாம்.